ஒருதரம் மட்டும் கேட்கிறவர்கள்

லண்டனிலிருந்து வந்த தமிழரைப் பாரிஸ் லா சப்பலில் அடையாளம் காண எனக்கு அதிக நேரம் தேவையில்லை. பின்னேரம் ஐந்தரைக்கு ரூ காய் தெருவில் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து, இரவுச் சாப்பாடு தயாரா என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் தோசைக்கல்லே சூடாகியிருக்காது. கடைக்காரர் மத்தியானப் பாத்திரங்களைக்கூடக் கழுவி முடித்திருக்க மாட்டார். பொழுது படுமுன் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. கோழிகள் அப்படிச் செய்யும். பிறகு ஒன்பது மணிக்குப் பசி வயிற்றைக் கிள்ள, கைப்பைக்குள்ளிருந்து கிறிஸ்ப்ஸ் பக்கெட்டை எடுத்துக் கறுக்கு முறுக்கென்று கொறிப்பார்கள்.

நான் அதே தெருவில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்கிறேன். கடையின் பின்பக்கம் சட்டை தைப்பதும் நான்தான். லண்டன் பெண்கள் வந்து சேலை பார்ப்பார்கள். எதைக் காட்டினாலும் "லவ்லி" என்பார்கள். கரை லவ்லி, நிறம் லவ்லி. அத்தனை லவ்லியும் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போவார்கள். பிடித்திருக்கிறதா இல்லையா என்று அந்தச் சொல்லை வைத்து ஒரு மனிதராலும் கண்டுபிடிக்க முடியாது. வாயைத் திறந்து "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று சொன்னால் அங்கே பொலிஸ் பிடிக்குமோ என்னவோ.

பிரெஞ்சுக்காரரை நான் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவளில்லை. பிரிபெக்த்தூர் அலுவலக வாசலில் விசாப் பத்திரத்துக்காக என்னைக் குளிருக்குள் நிற்க வைத்ததை இன்னும் மறக்கவில்லை. ஆனால் சாப்பாடு என்று வந்தால் அவர்கள் மனிதர்கள். மத்தியானம் மேசையில் உட்கார்ந்தால் லேசில் எழும்ப மாட்டார்கள். வாதாடுவார்கள், சிரிப்பார்கள், கோப்பையில் மிஞ்சிய சோஸைப் பாணால் துடைத்துச் சாப்பிடுவார்கள். என் கணவர் ஒரு பிரெஞ்சு ரெஸ்தோரனில் நெடுங்காலமாகக் குசினி வேலை. கோபம் வந்தால் சமைத்தவனைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள், பிடித்தால் கூப்பிட்டுக் கை கொடுப்பார்கள் என்று சொல்லுவார். அதுதான் மரியாதை.

லண்டனுக்கு நான் ஒருமுறை என் ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக்குப் போய் ஒரு கிழமை இருந்தேன். அந்த ஒரு கிழமையும் அந்த வீட்டில் இரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் காணவில்லை. மத்தியானம் என்றால் முக்கோணமாக வெட்டிப் பெட்டியில் அடைத்த சான்ட்விச். ஐஸ்பெட்டிக் குளிர் மாறாமல் அதைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் வைத்துத் தின்பார்கள். இரவு, தகரப் பேணியில் அடைத்து வந்த இனிப்பு அவரையைச் சூடாக்கி, சுட்ட பாணுக்கு மேல் ஊற்றி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியைப் பார்த்தபடி விழுங்குவார்கள். எங்கள் வீட்டில் காய்ச்சல்காரருக்குக்கூட அப்படிக் கொடுக்க மாட்டோம். பின்னேரம் குடிக்கிற தேநீருக்கும் டீ என்கிறார்கள், ஆறு மணிக்குச் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கும் டீ என்கிறார்கள். தங்கை என்னை "டீக்கு வாங்கோ" என்று கூப்பிட்டாள். நான் ஒரு கோப்பை தேத்தண்ணியை எதிர்பார்த்துப் போனால் மீனும் பொரித்த உருளைக்கிழங்கும் இருந்தது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் என் ஒரே மகள் மருமகளாகப் போக ஆசைப்பட்டாள்.

அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. இங்கே பிறந்து வளர்ந்தவள், ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். வந்த சம்பந்தங்களில் சிலதை அவள் வேண்டாமென்றாள், சிலது அவளை வேண்டாமென்றது. கடைசியாக லண்டனில் ஒரு கல்யாண வீட்டில் இந்தப் பெடியனைச் சந்தித்திருக்கிறாள். ஒரு வருடம் போனில் பேசியிருக்கிறார்கள், எனக்குத் தெரியாமல். பிறகு ஒருநாள் நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது வந்து நின்று, அன்றைக்கு மட்டும் தமிழில் சொன்னாள்.

"அம்மா, இவர் சரிவராட்டி பிறகு எனக்கு ஒருத்தரையும் காட்டாதேங்கோ. நான் களைச்சுப் போனன்."

எனக்குப் பயம் வந்தது. அவள் அழுதிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அவள் களைத்த முகத்தோடு சாதாரணமாகச் சொன்னாள். இந்தச் சம்பந்தம் முறிந்தால் அவள் தனியாகவே இருந்துவிடுவாள் என்று விளங்கியது. அதனால் லண்டன்காரரைப் பற்றி எனக்கிருந்த எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, "வரச் சொல்லு" என்றேன்.

வந்தார்கள். பெடியனும் தாயும் தகப்பனும். எங்கள் வீட்டில் தங்கும்படி கேட்டதற்கு, கரைச்சல் தர விருப்பமில்லை என்று எங்கள் கடைக்குக் கிட்ட போபூர் சன் தெனித் தெருவிலேயே நாலு நாளைக்கு ஒரு அபார்த்மோன் வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். வருவதற்கு முதல் தாய் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: உங்களுக்கு ஒத்துவராத சாப்பாடு ஏதாவது இருக்கிறதா, அலர்ஜி ஏதாவது உண்டா? விருந்துக்கு வருகிறவர் விருந்து கொடுக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஒத்துவராதது சம்பந்திகள்தான் என்று எழுதுவோமா என்று யோசித்தேன். மகள் போனைப் பறித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். நாலு மணிக்கே வாசல் மணி அடித்தது. நாலு மணிக்கு வருகிறோம் என்றால் ஐந்து மணி என்று எங்களுக்குள் ஒரு விளக்கம் இருக்கிறதுதானே. நான் இன்னும் வடைச் சட்டிக்கு முன்னால் வியர்த்து வழிந்துகொண்டு நின்றேன். வெள்ளிக்கிழமை என்பதால் எல்லாம் மரக்கறி: உளுந்து வடை, மரக்கறி ரோல்ஸ், கேசரி, பயத்தம் பணியாரம். சோறு வைக்கவில்லை. சம்பந்தம் பேச வந்த முதல் நாள் சோறு கொடுக்கிறதில்லை, கொடுத்தாலும் சாப்பிடுகிறதில்லை.

இதை விளங்கப்படுத்த வேண்டும். பேச்சு முடிவாகும் வரைக்கும் ஒரு வீட்டில் கை நனைக்க மாட்டோம். பலகாரம் எடுக்கலாம், தேத்தண்ணி குடிக்கலாம், அதெல்லாம் கணக்கில் இல்லை. ஆனால் உட்கார்ந்து ஒரு நேரச் சாப்பாடு சாப்பிட்டுக் கை கழுவினால் அது சம்மதம். வாயால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. பிறகு பின்வாங்கினால் ஊர் சிரிக்கும். எங்கள் குடும்பத்தில் இது சட்டம்.

அவர்கள் மூவரும் சோபாவில் வரிசையாக இருந்தார்கள். ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்திருந்தார்கள், மூடியில் ஒரு கோட்டையின் படம். ஆளுக்கு ஒரு ரோல்ஸ் எடுத்தார்கள். பேப்பர் துவாயை மடியில் விரித்து, அதன் மேல் தட்டை வைத்து, ரோல்ஸைக் கத்தியால் துண்டு துண்டாக வெட்டினார்கள். ரோல்ஸுக்குக் கத்தி! இரண்டாவதை நீட்டினேன்.

"இல்லை அக்கா, போதும்."

"என்ன போதும்? ஒண்டுதானே எடுத்தனீங்கள். இந்தாங்கோ."

"உண்மையாத்தான் அக்கா. லவ்லியா இருந்தது."

எங்கள் ஆட்களில் வேண்டாம் என்பது பேச்சின் தொடக்கம். மூன்றாம் முறை கேட்டதற்குப் பிறகுதான் உண்மையான பதில் வரும். இவர்கள் முதல் தரமே உண்மையைச் சொல்கிறார்களாம். நான் தட்டில் வைத்த வடையைப் பெடியனின் தகப்பன் தொடவேயில்லை. அவர் அதிகம் பேசாத மனிதர். ஆறு மணிக்குக் கிட்டவாக மணிக்கூட்டைப் பார்த்தார். அவர்களுடைய இரவுச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது.

ரயிலைப் பற்றிப் பேசினார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். லண்டன் மழைக்கும் பாரிஸ் மழைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி விரிவாகப் பேசினார்கள். கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெடியன் நல்ல பெடியன்தான், என் மகளைப் பார்க்கும்போதெல்லாம் அவன் காது சிவந்தது. ஆனால் காது சிவந்து என்ன பிரயோசனம், கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டும்.

எழும்பும்போது தாய் கோப்பைகளைக் கழுவித் தருகிறேன் என்று குசினிக்குள் வந்துவிட்டார். தொட்டியை அடைத்து, சவர்க்காரத் தண்ணியை நிரப்பி, கோப்பைகளை அதற்குள் முக்கி எடுத்து, நுரை வழிய வழியத் துணியால் துடைத்து அடுக்கினார். நல்ல தண்ணியில் அலசவில்லை. ஒரு நாடே பரம்பரை பரம்பரையாகச் சவர்க்காரம் குடித்து வாழ்கிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். அவர்கள் படியிறங்கியதும் எல்லாவற்றையும் திரும்பக் கழுவினேன். வாசலில் நின்று தாய் சொன்னார்:

"ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் கட்டாயம் எங்களிட்டைச் சாப்பிட வரவேணும்."

கதவைச் சாத்தியதும் என் கணவர், "அவைக்கு விருப்பமில்லைப் போல. நேரே சொல்ல வெக்கப்படுகினம்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெண் வீட்டுக்கு வந்து ரயில் கதை கதைத்துவிட்டுப் போவது வேறு என்ன? மகள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை முழுக்க யோசித்தேன். சட்டைக்குக் கை வைத்துத் தைத்தவள் இடது கையை வலப்பக்கம் தைத்துவிட்டேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து முடிவைச் சொன்னேன்.

"நாளைக்கு நாங்கள் போவம். ஆனால் ஒருத்தரும் வாயிலை ஒண்டும் வைக்கப்படாது. முதல் அவை வாய் திறந்து கேக்கட்டும். அதுக்குப் பிறகு சாப்பிடலாம்."

"சாப்பிடக் கூப்பிட்ட இடத்திலை சாப்பிடாமல் என்னெண்டு இருக்கிறது?" என்றார் கணவர்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ. இது பெண்ணுக்கு அம்மா செய்யிற வேலை."

மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பிட்டால் என்ன என்று கேட்டாள். சாப்பிட்டால் சம்மதம் சொன்னதாகப் போய்விடும், அவர்கள் ஒன்றும் சொல்லாதபோது நாங்கள் முந்திக்கொண்டு கை நனைத்தால் உன்னை யாருக்கோ தள்ளிவிட அலைகிறோம் என்று நினைப்பார்கள் என்றேன். அவள் "தக்கோர்" என்றாள். சரி என்கிறாள் என்று நான் நிம்மதியாகப் படுத்தேன்.

அவர்களுடைய அபார்த்மோனுக்குக் கீழே நண்டும் கறிவேப்பிலையும் விற்கிற கடை. படியில் ஏறும்போது கருவாட்டு மணம் வந்தது. கதவைத் திறந்தால் ஒரு மணமும் இல்லை. உலகத்தில் உள்ள தமிழ்ச் சாமான் முழுவதும் காலடியில் குவிந்து கிடக்க, பெடியனின் தாய் லண்டனிலிருந்து சூட்கேசுக்குள் கிரேவிப் பவுடரும் புதினாச் சோஸும் தேயிலைப் பையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் என்றால் அது ஒரு சமயச் சடங்கு. கிழமை முழுக்கச் சாப்பாட்டை அவமதித்துவிட்டு, ஞாயிறு மத்தியானம் ஒரு கோழியை ஓவனில் வைத்து மன்னிப்புக் கேட்கிறார்கள்.

மேசையில் ஆளுக்கொரு கத்தி, முள்ளுக்கரண்டி. நடுவில் கோழி, சுட்ட கிழங்கு, மசித்த கிழங்கு, அவித்த முட்டைக்கோவா, அவித்த கரட், அவித்த பட்டாணி. எல்லாமே ஆஸ்பத்திரி நிறம். மாவில் செய்த குழிந்த கிண்ணம் மாதிரி ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் புடிங்காம், ஆனால் இனிப்பு இல்லையாம். முதலில் அப்பம் என்று நினைத்தேன். அப்பத்துக்கு அது பெரிய அவமானம். தகப்பன் எழுந்து நின்று கோழியை மெல்லிசு மெல்லிசாகச் சீவினார், ஒப்பரேசன் செய்கிற முகத்தோடு. பரிமாற ஒருவரும் இல்லை, பாத்திரங்கள்தான் மேசையைச் சுற்றி ஊர்வலம் போயின. பெடியன் பட்டாணியை முள்ளுக்கரண்டியின் முதுகில் ஏற்றி வாய்க்குக் கொண்டுபோனான். கரண்டிக்கு உள்பக்கம் என்று ஒன்று இருக்க, முதுகில் ஏற்றுகிறது எந்த ஊர்ப் புத்தி? பாதிப் பட்டாணி கீழே விழுந்தது. ஒருவரும் அதைக் காணாத மாதிரி இருந்தார்கள்.

"அக்கா, உங்களுக்குக் கோழி போடட்டோ?"

"ஐயோ வேண்டாம். நாங்கள் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனாங்கள்."

அவருடைய கை ஒரு கணம் நின்றது. "ஓ, சரி அக்கா" என்றார். அவ்வளவுதான். என் முன்னாலிருந்த தட்டை எடுத்துக் குசினியில் கொண்டுபோய் வைத்துவிட்டார். காலையிலிருந்து ஒரு தேத்தண்ணியோடு இருந்தவள் நான். அடுத்து என் கணவரைப் பார்த்தார்.

"அண்ணை, உங்களுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்தச் சுட்ட கிழங்கைப் பார்த்தார். "எனக்கும் வேண்டாம் தங்கச்சி. வயிறு கொஞ்சம் சரியில்லை" என்றார், சாகப்போகிறவர் குரலில். அவருடைய தட்டும் போனது. சரியாகத்தான் நடக்கிறது, இனி வாயைத் திறப்பார்கள் என்று நான் நிமிர்ந்து இருந்தேன். பெடியனின் தகப்பன், நாளைக்கும் மழை பெய்யும் போலிருக்கிறது என்றார்.

தாய் என் பக்கத்தில் இருந்த மகளிடம் வந்தார். "உமக்கும் போடட்டோ பிள்ளை?"

"ஓம் மாமி, போடுங்கோ."

வெள்ளிக்கிழமை முழுக்க "அன்ரி" என்றவள். மேசைக்குக் கீழே அவள் தொடையைக் கிள்ளினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோழி, கிழங்கு, கோவா எல்லாவற்றையும் வாங்கி, அந்த மண்ணிறக் கிரேவியை மேலே விட்டாள். முள்ளுக்கரண்டியை எடுத்துத் தட்டுக்கு அப்பால் வைத்தாள். ஐந்து விரலையும் விட்டு, மசித்த கிழங்கைக் கிரேவியோடு சோறு பிசைகிற மாதிரிப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள். நேற்று நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள். கேட்டது எனக்குக் கீழ்ப்படிவதற்கு இல்லை.

பெடியன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். தாய் பாத்திரத்தைப் பிடித்தபடி அவளுடைய கையையே பார்த்தார்.

"பிள்ளை, தெரிஞ்சோ சாப்பிடுறீர்?"

"தெரிஞ்சுதான் மாமி."

தாயின் கண் நிறைந்துவிட்டது. முப்பது வருடம் லண்டனில் இருந்தும் கை நனைக்கிற வழக்கம் அவருக்கு மறக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்கள் வேண்டாமெண்டு சொன்னவுடனை உங்களுக்குச் சம்மதமில்லை எண்டு விளங்கிக்கொண்டன். அதாலைதான் வற்புறுத்தேல்லை" என்றார்.

"எனக்கோ சம்மதமில்லை? வெள்ளிக்கிழமை வந்து நீங்கள்தானே ஒண்டும் கேக்காமல் போனனீங்கள்?"

"முதல் நாளே கேட்டால் உங்களை நெருக்கிற மாதிரி இருக்கும் எண்டு பாத்தம். நீங்களா ஏதும் சொல்லுவியள் எண்டு காத்துக்கொண்டு இருந்தம்."

நெருக்குகிற மாதிரி இருக்குமாம்! சம்பந்தம் பேச ரயிலேறி நாடு விட்டு நாடு வந்தவர்கள், பேசினால் மரியாதையில்லை என்று மழையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். இந்த மரியாதையை வைத்துக்கொண்டு அந்த நாட்டில் எப்படித்தான் ஒருவரையொருவர் கட்டிப் பிள்ளை பெறுகிறார்கள்? ஆத்திரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கையை விட்டுப் பிசைந்திராவிட்டால், நாங்கள் வெறும் வயிற்றோடு எழும்பி நன்றி சொல்லிப் போயிருப்போம், அவர்கள் எல்லாம் லவ்லி என்று சொல்லி ரயிலேறியிருப்பார்கள், என் மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பாள்.

தகப்பன் முதன்முதலாக மழையல்லாத ஒன்றைப் பேசினார். "எங்களுக்கு முழுச் சம்மதம்" என்றார். என் கணவர் அதற்காகவே காத்திருந்தவர் போல எழும்பிக் குசினிக்குள் போய்த் தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார். வயிறு சரியில்லாதவர் கிழங்கை மலையாகக் குவித்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மண்டபம் லண்டனிலா பாரிஸிலா என்று வாக்குவாதம் தொடங்கியது, கரண்டிகள் சத்தம் போட்டன.

என் முன்னால் வெறும் மேசைத் துணி. இப்போது கேட்பார்கள் என்று இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்று நான் சொல்லியாயிற்று, அவர்கள் அதை நம்பியாயிற்று. என் பெண்ணின் கல்யாணம் என் தலைக்கு மேலால் பேசி முடிகிறது, எனக்குப் பசியில் கண் இருட்டுகிறது. கோழியில் மிச்சம் ஒரு கால்தான் இருந்தது. பிறத்தியார் வீட்டில் சாப்பாடு கேட்டு நான் வாய் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தேன்.

"எனக்கும் கொஞ்சம் போடுங்கோ."

தாய் பதறிக்கொண்டு எழும்பினார். அதற்குள் என் மகள் எழும்பிவிட்டாள். "நீங்கள் இருங்கோ மாமி" என்று அவருடைய தோளைத் தொட்டு இருத்தினாள். கையைக் கழுவிக்கொண்டு, குசினியிலிருந்து என் தட்டை எடுத்துவந்து, கோழிக்காலும் கிழங்கும் பட்டாணியும் வைத்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் அவர்களோடு நின்று, வந்த ஆளுக்குப் பரிமாறுகிற மாதிரி எனக்குப் பரிமாறினாள்.

"அம்மா, கிரேவி விடட்டோ?"

"வேண்டாம்" என்றேன், வாய்ப் பழக்கத்தில்.

"சரி" என்று சொல்லி, ஜாடியை மேசையில் வைத்துவிட்டு, போய் அவன் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டாள்.